கந்தகனின் சனிக்கிழமைத் திட்டம்

நம் வயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாலுக்குப் போகிறீர்கள். வாளி அளவு பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு, உடம்போடு ஒட்டிய சட்டை போட்ட ஆட்கள் ஓர் ஊரையே இடித்துத் தள்ளி அதே ஊரைக் காப்பாற்றுவதைப் பார்க்கிறீர்கள். வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று, "என்னமா எடுத்திருக்கான்!" என்கிறீர்கள். அதை எனக்கு வாட்ஸப்பில் வேறு அனுப்புகிறீர்கள்.

இதில் மெச்சிக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தக் கூட்டத்தில் மொத்தம் ஐந்தே வகை ஆட்கள்தான். பறக்கிற தலைவன் ஒருவன். மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவான், யோசிக்க மாட்டான். பலசாலி ஒருவன், லாரியைத் தூக்குவான், பேசத் தெரியாது. வேகமாக ஓடுகிறவன் ஒருவன். அவனுக்கு வாய் ஓயாது. அப்பா அம்மா கொலையான துக்கத்தில் இருட்டில் நின்று பல்லைக் கடிக்கிற தனியாள் ஒருவன். கடைசியாக, கணக்குக்கு ஒரு பெண். அவள் மற்றவர் மனதைப் படிப்பாள், படித்ததும் மயங்கி விழுவாள். அவ்வளவுதான். பன்னிரண்டு வயதிலேயே நான் இவர்களோடு ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு இவர்கள் யாரையும் ஒரு காசுக்கு மதிக்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருடம். கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் போகிற வழியில் ஒரு மாடி வீடு. ஹவுஸ் ஓனர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா உழுத நிலத்தை இவர் மனை போட்டு விற்றுவிட்டு, மீதி இடத்தில் வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கீழே அவர் குடும்பம். முதல் மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள், மற்றதில் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் அவருடைய பதினேழு வயது மகளும் இருந்தார்கள். மே மாதத்தில் அந்த அறைக்குள் பகலில் கால் வைக்க முடியாது, இட்லிப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அதனால் அந்த அக்கா விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வெளியே, தொட்டி நிழலில்தான் இருப்பாள்.

அவளுடைய அண்ணன் கனடாவில் ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இவர்களை அங்கே அழைத்துக்கொள்ளக் காகிதம் போட்டிருந்தான். அந்தக் காகிதம் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வரவேண்டும். வந்ததும் கிளம்பவேண்டும். அதுவரை விலாசம் மாறக்கூடாது. இதுதான் அந்த இரண்டு பேருடைய வாழ்க்கையிலும் அப்போது இருந்த ஒரே காரியம். தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். சஸ்பென்ஸ் வைத்து உங்களை ஏங்கவிடும் எண்ணம் எனக்கில்லை. அந்தக் கடிதம் ஆகஸ்டில் வந்தது. வாங்கிக்கொள்ள அவர்கள் அங்கே இல்லை. ஹவுஸ் ஓனர் அதைத் தொடக்கூட பயந்து, "இங்க யாரும் அப்படி இல்லப்பா" என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் ஒருமுறை கடிதத்தோடு ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களும் அனுப்பியிருந்தான். கூட வேலை செய்த பையனிடம் வாங்கிப் பிரதி எடுத்ததாம். தங்கை ஆங்கிலம் பழகட்டும் என்று அனுப்பியிருக்கிறான். அது ஓர் ஆட்டத்தின் விதிப் புத்தகம். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வீரனாக மாறிக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார்: "நீ பாலத்தில் நிற்கிறாய், எதிரே இன்னது வருகிறது, என்ன செய்வாய்?" நாம் செய்வதைச் சொல்ல வேண்டும். முடிந்ததா முடியவில்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். எங்களிடம் லூடோ பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தாயக்கட்டைகள்தான் இருந்தன. நடத்துகிறவருக்குப் புத்தகத்தில் ஏதோ பெரிய பெயர் இருந்தது. கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத நாங்கள் அவளை அம்பயர் அக்கா என்றோம். அதுவே நிலைத்துவிட்டது.

ஆட நாலு பேர். ஹவுஸ் ஓனர் மகன், வாத்தியார் மகள், நான், அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகன். அக்காவின் அம்மா தபால் வந்துபோனதும் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய் இருட்டித்தான் திரும்புவார்; எங்கள் ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஹவுஸ் ஓனர் மகன் முதல் நாளே பறக்கிற தலைவன் இடத்தைப் பிடித்துக்கொண்டான். பெயர் ஆகாயவீரன். காரணம் கேட்டால், "எங்க வூட்டு மாடில தான ஆடுறோம்? அப்ப நான்தான் லீடரு" என்றான். உலகத்தில் பெரும்பாலான தலைவர்கள் இப்படித்தான் தலைவர்கள் ஆகிறார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. வாத்தியார் மகளைப் பார்த்து, "நீ பொண்ணு, மனச படிக்கிறவ எடுத்துக்க" என்றான். அவள் அந்த ஜெராக்ஸில் மயங்கிக் கிடந்த பெண்ணின் படத்தைப் பார்த்தாள். "நான் ஏன் மயங்கி விழணும்? நான் லாரி தூக்குறேன்" என்றாள். அம்பயர் அக்கா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பெயர் கருங்கல். லேத் பட்டறைக்காரர் மகன் ஓடுகிறவன், பெயர் மின்னல்.

நான் எடுத்தது, உங்களுக்குப் புரிந்திருக்கும், இருட்டில் நிற்கிற தனியாள். கருநிழல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அப்பா வேலைக்குப் போயிருக்க, அம்மா கீழே எனக்காக மாங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, நான் மாடியில் உட்கார்ந்து, அக்காவின் நோட்டில் எனக்கென்று விட்டிருந்த பக்கத்தில் எழுதினேன்: "தகப்பன் கொலை செய்யப்பட்டார். தாய் கொலை செய்யப்பட்டார். பழிவாங்கும்வரை ஓயமாட்டான்." எழுதிவிட்டு அந்த மாங்காயை மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டேன். என் துக்கத்தின் ஆழம் அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தின் உள்ளே இருந்த கேவலத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒவ்வொருவருக்கும் நூறு பாயிண்ட். அதை வைத்துச் சக்தி வாங்க வேண்டும். பற்றாவிட்டால் ஒரு பலவீனத்தை எழுதிக் கொடுத்து மேலும் பாயிண்ட் வாங்கிக்கொள்ளலாம். ஆகாயவீரன் தனக்குப் பலவீனமே கிடையாது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் பாகற்காய் என்று எழுதினான். உண்மைப் பெயரை மறைத்து வாழ்வதற்குப் பதினைந்து பாயிண்ட். யாரையும் கொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து எழுதினால் இருபது. நல்லவனாக இருப்பதற்குக் கூலி! நாங்கள் நாலு பேரும் ஓடிப்போய் அதை எழுதினோம்.

அம்பயர் அக்கா மட்டும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "கொல்லமாட்டன் எண்டு சொல்லுறதுக்கு இருபது புள்ளியோ? நல்ல ஊரடா அது" என்றாள்.

அவள் புத்தகத்தில் இருந்த எதையும் நம்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது. வில்லன்களுக்கான விதிகளைப் படித்துக் காட்டும்போது விழுந்து விழுந்து சிரிப்பாள். வில்லன் வீரனைப் பிடித்தால் உடனே கொல்லக்கூடாது. கட்டிப்போட வேண்டும். தன் திட்டத்தை நேரம், இடம் உட்பட விளக்கமாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். "இது சட்டம், தம்பி. வில்லன் தன்ர திட்டத்தை முழுக்கச் சொல்லத்தான் வேணும்" என்பாள். எங்களுக்காக அவள் செய்த வில்லனுக்குக் கந்தகன் என்று பெயர். அவனுடைய பேச்சை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, குரலை மாற்றி வாசிப்பாள். அவள் வாசிக்கும்போது வாத்தியார் மகள்கூட வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் புத்தகத்தை மாற்றினாள். வீரர்கள் சண்டை போடும்போது வழியில் போகிற ஜனங்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்கள் தாமாக ஓடிவிடுவார்கள் என்று விதி. ஆகாயவீரன் ஒரு நாள் கந்தகனைத் துரத்திக்கொண்டு பெருங்களத்தூரில் ஒரு பஸ்ஸைத் தூக்கி அவன்மேல் எறிந்தான். தாயக்கட்டையும் நன்றாக விழுந்தது. நாங்கள் கைதட்டினோம்.

"அந்த பஸ்ஸுக்குள்ள எத்தினை பேர் இருந்தவை?" என்றாள் அக்கா.

"யாரும் இல்லக்கா. எறங்கி ஓடிட்டாங்க."

"ஆர் இறக்கினது?"

ஆகாயவீரன் தாயக்கட்டையைக் காட்டினான். "அப்ப உள்ளுக்கத்தான் இருக்கினம். எண்ணு" என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பஸ்ஸில் எத்தனை சீட், நிற்பவர் எத்தனை என்று எண்ணினான். அன்றைக்கு ஆட்டமே கெட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு லேத் பட்டறைக்காரர் மகன் ஒருவன்தான் சண்டைக்கு முன்னால் ஜனங்களை அப்புறப்படுத்துவான். "நீங்க அட்ச்சிகினு இருங்க, நான் இட்டுகினு போய் வுட்டுட்டு வந்துர்றேன்" என்பான். அவன் காப்பாற்றிய ஒவ்வோர் ஆளுக்கும் அக்கா பாயிண்ட் போட்டாள். எங்களைவிட அவனுடைய கணக்கு எங்கேயோ போய்விட்டது. எங்களுக்கு அது சலிப்பாக இருந்தது. பஸ்ஸிலிருந்து ஆளை இறக்குவதற்கா வீரனாகிறோம்?

பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தாழப் பறக்கும். அந்த உறுமலை நாங்கள் யாரும் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்தி, தொட்டியின் அடிப்பக்கத்துக்கு நகர்ந்து, தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். ஆகாயவீரன் வாயாலேயே விமானச் சத்தம் எழுப்பி அவளைத் திடுக்கிட வைப்பான். ஊரைக் காப்பாற்றுகிற வீரர்களின் பொழுதுபோக்கு இது.

மே இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். மறுநாளிலிருந்து தெருவில் வேறு பேச்சே கிடையாது. இலங்கைக்காரர்களுக்கு வீடு கொடுத்தவர்களை எல்லாம் விசாரிக்கப்போகிறார்களாம், பேர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம் என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, ஹவுஸ் ஓனருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த அம்மாவும் மகளும் போலீஸில் முறையாகப் பதிவு செய்தவர்கள். அந்தத் தாளை அவர் இரண்டு முறை வாங்கிப் பார்த்துவிட்டார். அப்படியும் அவர்கள் படியேறும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு வந்துவிடுவார். "பிளேன் போறப்பல்லாம் அந்தப் பொண்ணு மேலயே பாத்துகினு கீது சார். டைம் கிய்ம் எதுனா குறிக்குதா?" என்று என் அப்பாவிடம் ஒரு நாள் கேட்டார். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. யோசித்தார். எங்களை மாடிக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் நின்றது. நோட்டு தொட்டியின்மேல் ஒரு செங்கல்லுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

ஜூனில் ஹவுஸ் ஓனர் தொட்டியைக் கழுவ ஏறினார். நோட்டோடு இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் சர்ச்சிலிருந்து திரும்பியதும், ஹவுஸ் ஓனர் ஹாலில் மூன்று அப்பாக்களும் கூடினார்கள். என் அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுக்கப்போன நான் கதவோரம் நின்றுவிட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"சார், நீங்க படிச்சவரு. இன்னா எழுதிக்கீதுன்னு நீங்களே பாருங்க," என்றார் ஹவுஸ் ஓனர். விரலால் தொட்டுக் காட்டவும் அவருக்குப் பயம். பேனாவால் காட்டினார்.

அப்பா வாசித்தார். "சனிக்கிழமை காலை பத்து மணி. முதலில் பெருங்களத்தூர். அடுத்தது ரயில் பாலம். பிறகு வண்டலூரில் கூண்டுக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். என்னை யாராலும் தடுக்க முடியாது." எதிர்ப் பக்கத்தில் வரைபடம். கீழே கந்தகன் என்று கொட்டை எழுத்தில் கையெழுத்து.

"இது... பசங்க வெளையாட்டு மாதிரி இருக்கே," என்றார் வாத்தியார். அவருடைய மகள் லாரி தூக்குவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பாள்?

"வெளையாட்டோ என்னமோ சார். எவனாவது வந்து இதப் பாத்தா வெளையாட்டுன்னா வுட்ருவான்? அந்தாண்ட திருப்புங்க. நம்ம புள்ளைங்க பேரெல்லாம் கீது."

அப்பா திருப்பினார். ஆகாயவீரன் பக்கம் வந்தது. மாற்றுப் பெயர், சக்தி, பலவீனம் பாகற்காய், அடியில் உண்மைப் பெயர். ஹவுஸ் ஓனர் நோட்டைக் கையில் வாங்கினார். இப்போது பயம் இல்லை. அந்தத் தாளை மடிப்போரமாகப் பிடித்து, நூல் வரை சுத்தமாகக் கிழித்தார். நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பிறகு நோட்டை வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் தயங்கியது உண்மை. ஒரு முறை மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். பிறகு கருங்கல்லைக் கிழித்து, கையிலிருந்த பைபிளுக்குள் வைத்தார்.

நோட்டு என் அப்பாவிடம் வந்தது. அவர் என் பக்கத்தை முழுக்கப் படித்தார். தான் கொலை செய்யப்பட்டதையும், தன் மனைவி கொலை செய்யப்பட்டதையும், மகன் பழிவாங்கும்வரை ஓயமாட்டான் என்பதையும் படித்தார். என் கையெழுத்து அது. அவரே அடித்துத் திருத்திய கையெழுத்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

மின்னலின் பக்கம் மிச்சமிருந்தது. "இது லேத்துக்காரன் புள்ள. நம்ம வூட்டுப் புள்ள இல்ல. கெடக்கட்டும்," என்றார் ஹவுஸ் ஓனர்.

அதன் பிறகுதான் மேலே ஆள் அனுப்பி அந்த அம்மாவையும் மகளையும் கூப்பிட்டார்கள். அவர்களை உட்காரச் சொல்லவில்லை. நோட்டைக் காட்டியதும் அம்பயர் அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எவ்வளவு லேசாகச் சிரித்தாள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அது விளையாட்டு, மாமா. நாங்கள் எல்லாரும் சேர்ந்து விளையாடுறது. கந்தகன் எண்டது வில்லன். உங்கட மகன், இவையின்ர மகள், எல்லாரின்ர பேரும் இதுக்குள்ள இருக்கு. பாருங்கோ," என்று நோட்டை வாங்கித் தன் அம்மாவிடமே கொடுத்தாள்.

அந்த அம்மா புரட்டினார். முன்னிருந்து பின்னால், பின்னிருந்து முன்னால். சனிக்கிழமைத் திட்டம் வந்தது. வரைபடம் வந்தது. தனக்கு யாரென்றே தெரியாத ஒரு பையனின் பெயர் வந்தது. வேறொன்றும் வரவில்லை. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். ஹவுஸ் ஓனரைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். அவருடைய தங்கையின் மகனோ யாரோ இப்படித்தான் நோட்டுகளை ஒளித்துவைத்து, ஒரு நாள் வீட்டைவிட்டு இயக்கத்துக்குப் போனவனாம். அது எனக்குப் பிற்பாடு வாத்தியார் மனைவி சொல்லித் தெரிந்தது.

"இருந்தது அம்மா. சத்தியமா இருந்தது," என்றாள் அக்கா. அப்போதுதான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "இந்தா, இவனும் விளையாடினவன். இவனைக் கேளுங்கோ."

"அவனுக்கு டெஸ்ட் இருக்கு. டேய், நீ மேல போ," என்றார் அப்பா.

நான் போனேன். மாடிப்படி வளைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நாங்க பாத்த வரைக்கும் குழந்தைங்க பேர் எதுவும் இல்லைங்க," என்று அப்பா மரியாதையான குரலில் சொன்னார். மனு எழுதும்போது அவருக்கு வரும் குரல் அது. வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று ஹவுஸ் ஓனர் சொன்னார். காகிதம் வரும்வரையாவது விடுங்கள் என்று அந்த அம்மா கெஞ்சினார். ஹவுஸ் ஓனர், "எனக்கும் புள்ளக்குட்டி கீதும்மா," என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் லேத் பட்டறைக்காரர் மகன் கேட்டில் வந்து நின்றான். கையெல்லாம் கிரீஸ். "அங்கிள், அந்த நோட்டுல என் பக்கம் கீதாமே. குட்த்துடுங்க அங்கிள். நூத்திநாப்பது பாயிண்டு கீது அதுல."

"இன்னாடா பாயிண்டு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல். தெரு முழுக்கக் கேட்டது. ஆட்டம் என்ன, அம்பயர் அக்கா யார், "உங்க புள்ளதான் அங்கிள் ஆகாயவீரன், அவனுக்குப் பாவக்கா துன்னா பவர் பூடும்" என்பதுவரை விளக்கினான். அவனை யோக்கியன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு அவனுடைய பாயிண்ட்தான் முக்கியம். இருந்தாலும் அவன் ஒருவன்தான் நடந்ததை நடந்தபடி சொன்னான். வாத்தியார் தன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் அப்பா பால்கனியில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கேட்க வேண்டிய அந்த அம்மாதான் மகளோடு வீடு தேடி வெளியே போயிருந்தார். "போடா, பேஜார் பண்ணாத," என்று ஹவுஸ் ஓனர் கேட்டைச் சாத்தினார்.

அன்று சாப்பிடும்போது நான் கேட்டுவிட்டேன். பெரிய தைரியம் என்று நினைக்காதீர்கள்; வாயில் வந்துவிட்டது. "அப்பா, அந்த நோட்டுல என் பக்கம்..."

"எந்தப் பக்கம்?" என்றார் அப்பா. ரசத்தை ஊற்றிக்கொண்டு, நிதானமாக, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். அம்மா அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். அதற்கப்புறம் நான் அதைப் பேசவில்லை.

அந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் மாடிப்படி பக்கமே போகவில்லை. ஆகாயவீரன் தன் பெரியம்மா வீட்டுக்குப் பொத்தேரிக்குப் போய்விட்டான். வாத்தியார் மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். மூன்றாம் நாள் சாப்பிட்டாள். என் துக்கம் இன்னும் சுருக்கம். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். போலீஸ் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். அந்தப் பயம் தீரவேண்டுமென்றால் அவர்கள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, அதைவிட மோசமாக நானே நினைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஆட்டோ வந்தது. அந்த வாரம் முழுக்க அந்த அம்மா வீடு தேடி அலைந்தும் ஒருவரும் கொடுக்கவில்லை. முகாமுக்குப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பாய். தகரப் பெட்டி கனம். அந்த அம்மா அதைப் படிப்படியாக வைத்து வைத்து இறக்குவதைப் பார்த்து, ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற என் அப்பா, "விடுங்கம்மா, நான் எடுத்துக்கறேன்" என்று தோளில் தூக்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை கசங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். நல்ல மனுஷன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த வீட்டில நீங்கள் ஒராள்தான் ஐயா உதவி செய்தனீங்கள். மறக்கமாட்டம்."

"இதுல என்னம்மா இருக்கு," என்றார் அப்பா. பெட்டி இன்னும் அவர் தோளில்தான் இருந்தது.

அம்பயர் அக்கா பாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த ஒரு வாரத்தில் முகம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் பாயைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். கோபமாகத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் உயரத்துக்குக் குனிந்தாள்.

"தம்பி, வீடு போனது போகட்டும். எனக்கு ஒரு உதவி மட்டும் செய். அந்தக் கொப்பியில உங்கட பக்கங்கள் இருந்ததுதானே? ஓம் எண்டு ஒருக்கா அம்மாவுக்குக் கேக்கச் சொல்லு. அவ ஒரு கிழமையா என்னோட கதைக்கேல்லை. நானும் எங்கேயோ சேர்ந்திட்டன் எண்டு நினைக்கிறா. என்னை நம்பேல்லையடா அவ."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் முழுக்க என் வாயில்தான் இருந்தது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்பா பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன்.

அக்கா நிமிர்ந்தாள். பாயை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா ஆட்டோவின் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் அடுப்பை வைத்துக்கொண்டார். அப்பா பெட்டியைப் பின்னால் ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டி, அது ஆடாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் என்னிடம் வந்து என் தலையில் கை வைத்தார். நான் பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோதும் சரி, வேலை கிடைத்தபோதும் சரி, அவர் என்னை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.